மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட், வெளியே நாங்கள்

பாட்டிலுக்குள் நுரையை உண்டாக்குவது ஈஸ்ட்டின் வேலை. அந்த ஈஸ்ட் எதைச் செய்தாலும் அதற்குத் திட்டு வாங்குவது என் வேலை. மார்கழியில் இட்லி மாவு பொங்கவில்லை என்றும், சித்திரையில் பொங்கி அடுப்படியெல்லாம் வழிந்துவிட்டது என்றும் வீட்டில் பேச்சு வாங்கியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வாங்கியது ஒரு பாத்திர மாவுக்கு. நான் வாங்கியது நாலாயிரம் பாட்டிலுக்கு.

எழுபதுகளின் தொடக்கத்தில், மதுவிலக்கைத் தளர்த்தியிருந்த அந்தக் கொஞ்ச காலத்தில், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் கல்கத்தா போகிற ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஒயின் தொழிற்சாலை வந்தது. சோடா வியாபாரத்தில் முன்னுக்கு வந்த ஒருவர்தான் முதலாளி. சாதா ஒயின் இல்லை, திறந்தால் நுரைக்கிற ஒயின் வேண்டும் என்பது அவர் ஆசை. செய்முறை சொல்வதற்குச் சுலபம். தயாரான ஒயினில் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, குளிர் அறையில் படுக்கவைக்க வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். வெளியே போக வழியில்லாத வாயு ஒயினுக்குள்ளேயே கரைந்து நிற்கும். வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் படியும். மாதக் கணக்கில் காத்திருந்து அந்தப் படிவை வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் நான் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீலம் என்றால் செத்தது

எங்கள் நைனா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். நான் எங்கள் தெருவின் முதல் பி.எஸ்ஸி. ஒயின் கம்பெனியிலிருந்து இன்டர்வியூ கடிதம் வந்ததும், சர்ச் வாசலில் ஒருவர் நைனாவை நிறுத்தி, “பொண்ணு ரெஜினாவ படிக்க வெச்சது சாராயம் காய்ச்சவா?” என்று கேட்டார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. “பூசையில ஃபாதர் கையில வெச்சிருக்கறது இன்னா அண்ணே, கலர் சோடாவா?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

இன்டர்வியூவில் என்னோடு ஐந்து ஆண்கள். மேனேஜர் சேஷாத்ரி பம்பாய்ப் பக்கம் பீர் கம்பெனியில் இருந்து வந்தவர். மேஜையில் ஒரு மைக்ராஸ்கோப் வைத்து, கண்ணாடித் துண்டில் ஈஸ்ட்டையும் ஒரு சொட்டு நீலச் சாயத்தையும் போட்டு, எத்தனை செல் இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். முன்னால் போன ஐந்து பேரும் எண்ணிச் சொன்னார்கள். நான் பார்த்துவிட்டு, “எண்ணிப் பிரயோஜனம் இல்ல சார். உசிரோட இருக்கற செல் சாயத்த உள்ள விடாது. நீலமா இருக்கறதெல்லாம் செத்தது. பாதிக்குப் பாதி செத்திருக்கு. இத யாரு குடுத்தாங்களோ அவங்களுக்கே திருப்பி அனுப்பிடுங்க” என்றேன். அந்த ஈஸ்ட்டை வாங்கி வந்தவர் அவர்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: “நாளைக்கே வந்து சேரு. இனிமே இங்க ஈஸ்ட் செத்தா நீதான் பதில் சொல்லணும்.”

எளாவூரில் பொங்கிய லாரி

திராட்சை ஹைதராபாத்திலிருந்து லாரியில் வரும். ஒரு ஏப்ரல் மாதம், ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்டில் ஏதோ ஒரு தாளில் முத்திரை இல்லை என்று எங்கள் லாரியை இரண்டு நாள் நிறுத்திவிட்டார்கள். கூடைகளில் அடிப்பழம் நசுங்கி, சாறு சொட்டி, அந்த வெயிலில் தானாகவே நொதிக்கத் தொடங்கிவிட்டது. திராட்சைத் தோலில் காட்டு ஈஸ்ட் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு யார் உத்தரவும் வேண்டாம்; தோல் கிழிந்தால் போதும். மூன்றாம் நாள் காலை, டிரைவர் குடித்திருக்கிறார், சரக்கோடு சாராயம் கடத்துகிறார் என்று கேஸ் எழுதப்போவதாக போன் வந்தது. மேனேஜர், “லாரி போனாப் போகட்டும், நாம தலையிட வேண்டாம்” என்றார். லாரி போகலாம், அந்த டிரைவர் ஏன் உள்ளே போக வேண்டும்? நான் கம்பெனி ஜீப்பில் ஏறிவிட்டேன்.

செக்போஸ்டில் டிரைவர் வெங்கடேசு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நாயுடுபேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும். லாரியிலிருந்து ஒரு நசுங்கிய கொத்தை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு அதிகாரியின் மேஜையில் வைத்தேன். குமிழி ஒவ்வொன்றாக மேலே வந்தது. “இத இங்க யாராவது காய்ச்சினாங்களா சார்? உங்க மேஜையில, உங்க கண்ணு முன்னாடி அதுவா வேலை செய்யுது. கேஸ் போடணும்னா ரெண்டு நாள் வெயில்ல நிக்க வெச்சவங்க மேல போடுங்க. இவரு வாயை மோந்து பாருங்க, வாசனை இருந்தா கூட்டிக்கினு போங்க” என்றேன். அதிகாரிக்குக் கோபம் வந்தது, ஆனால் மோந்து பார்த்தார். வெற்றிலை வாசனை மட்டும்தான். லாரியை விட்டார்கள். அந்தப் பழம் எங்களுக்கு உதவவில்லை, முழுவதையும் குழியில் கொட்டினோம். வழியெல்லாம் வெங்கடேசு அதே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்: “எங்க நைனா மேல சத்தியம் மேடம், நான் குடிக்கல, வண்டிதான் குடிச்சிகினு வந்துச்சு.”

அறுபது பாட்டில் திருட்டு

முதல் தடவை பாட்டிலில் அடைத்தபோது மேனேஜருக்கும் எனக்கும் நேரடியாகவே முட்டிக்கொண்டது. பீர் செய்யும்போது ஈஸ்ட்டை இனிப்பான சாற்றில் விடுவார்கள். அது சந்தோஷமாக வளரும். நாங்கள் விடப்போவது ஏற்கெனவே போதை ஏறிய ஒயினில். அதில் குளிர் வேறு. சர்க்கரைத் தண்ணீரில் வெதுவெதுப்பாக வளர்ந்த ஈஸ்ட்டை அதில் அப்படியே கொட்டினால் அதிர்ச்சியில் செத்துப்போகும். முதலில் கால் பங்கு ஒயின் கலந்து பழக்க வேண்டும். அது குமிழி விட்டால் இன்னும் கொஞ்சம். பிறகு அறையின் சூட்டைக் குறைத்து இன்னும் கொஞ்சம். மூன்று நாளாகும். “பதினெட்டு வருஷம் ஈஸ்ட் போட்டவன் நான். மூணு நாளெல்லாம் நிக்க முடியாது, கொட்டு” என்றார். நான் கொட்டவில்லை. அவரே கொட்டினார்.

மூன்று வாளி ஒயினை நான் தனியாக ஒதுக்கி, என் முறையில் மூன்று நாள் பழக்கி, அறுபது பாட்டில் அடைத்து, பின் மூலையில் படுக்கவைத்தேன். ஆறு வாரம் கழித்து முதலாளி வந்தார். மேனேஜர் ஒரு பாட்டிலைத் திறந்தார். சத்தமே இல்லை. இன்னொன்று. அதுவும் ஊமை. “ஈஸ்ட் ரூம்ல ஏதோ தப்பு நடந்திருக்கு சார்” என்று அவர் என் பக்கம் திரும்பினார். வேலை போனால் நைனா மறுபடி வயலுக்குப் போக வேண்டும். ஆனாலும் பின் மூலைக்குப் போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து முதலாளி முன்னால் திறந்தேன். மூடி கூரையில் போய் அடித்தது. நுரை அவர் வேட்டியில் வழிந்தது. அவர் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. அன்று மாலை எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், கையெழுத்து வாங்கினார், பிறகு சொன்னார்: “அறுபது பாட்டில என்னைக் கேக்காம எடுத்தது திருட்டு. மீதி எல்லாத்துக்கும் அதே மாதிரியே பண்ணு.”

குலுக்கு

செத்த ஈஸ்ட்டைப் பாட்டிலின் கழுத்துக்குக் கொண்டுவருவது தனிப் பாடு. ஓட்டை போட்ட பலகையில் பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, தினமும் கொஞ்சம் திருப்ப வேண்டும். படிவு மெல்ல மெல்ல மூடிக்கு இறங்கும். இதற்கு ஆறு பெண்கள். எல்லோரையும் மேய்த்தவர் தேசம்மா. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம். ஏரியில் இறால் பிடிக்கிற குடும்பம். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். மேனேஜர் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தார்: இன்று இவ்வளவு திருப்பு, நாளை இவ்வளவு, மெதுவாக, அதிராமல். மூன்று வாரம் அப்படியே செய்தும் படிவு பாட்டிலின் பக்கவாட்டில் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

ஒருநாள் தேசம்மா அட்டவணையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாட்டிலையும் பிடித்து வெடுக்கென்று ஒரு ஆட்டு ஆட்டித் திருப்பி வைத்தார். மேனேஜர் ஓடிவந்து கத்தினார். தேசம்மா நிறுத்தவில்லை, அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். நான் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். தோல் உரிந்து, புகைபோலக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் அந்தப் பாட்டிலை வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேசம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தூங்கறவன எழுப்பணும்னா ஒரு உலுக்கு உலுக்கணும் சார், நீங்க இன்னாடான்னா தாலாட்டிக்கினு கீறீங்க.”

முக்கால் டிகிரி

கலால் இன்ஸ்பெக்டர் ஒருவர் மாதம் ஒரு முறை வருவார். பாட்டிலில் அடைக்கும்போது ஒயினில் பத்து டிகிரி, அதாவது நூற்றுக்குப் பத்து, சாராயச் சத்து என்று அவரே அளந்து எழுதி, கையெழுத்துப் போட்டு, அறைக்கு சீல் வைத்திருந்தார். சில மாதம் கழித்து அதே பாட்டிலைத் திறந்து அளந்தால் பத்தே முக்கால். சீல் உடையவில்லை, சத்து ஏறியிருக்கிறது. யாரோ உள்ளே புகுந்து நாலாயிரம் பாட்டிலிலும் சாராயம் கலந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். அறைச் சாவி என்னிடம் இருந்ததால், அந்த யாரோ நான்தான்.

“சார், வாயு மட்டும் தனியா வராது. ஈஸ்ட் சர்க்கரையத் தின்னா வாயுவும் வரும், சாராயமும் வரும். போட்ட சர்க்கரைக்குக் கணக்குப் பண்ணிப் பாருங்க, சரியா முக்கால் டிகிரிதான் வரும்” என்றேன். நம்பவில்லை. மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தேன். மொட்டு விட்டுக்கொண்டிருந்த உயிருள்ள ஈஸ்ட்டைக் காட்டினேன், பிறகு பாட்டிலின் அடியில் செத்துக் கிடந்ததைக் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். கோபம் போய் ஒரு குழந்தையின் ஆச்சரியம் முகத்தில் வந்துவிட்டது. ஆனால் ரிஜிஸ்டரைக் கையில் எடுத்ததும் மறுபடி இன்ஸ்பெக்டராகிவிட்டார்: “அதெல்லாம் சரிம்மா, ஆனா இந்த ஈஸ்ட்டு எந்த லைசென்ஸ்ல வேலை செய்யுதுன்னு மேல கேட்டா நான் இன்னா எழுதறது?”

மே மாதம்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

எங்கள் பாட்டில்கள் பெங்களூரிலிருந்து வந்த பழைய பீர் பாட்டில்கள். லிட்டருக்குப் பன்னிரண்டு கிராம் சர்க்கரைக்கு மேல் போட்டால் தாங்காது என்று நான் சுவரிலேயே எழுதிவைத்திருந்தேன். இரண்டாம் வருஷம், ஈஸ்டருக்கு நான் நாலு நாள் லீவில் போயிருந்தபோது, நுரை போதவில்லை என்று முதலாளி சொன்னதைக் கேட்டு, மேனேஜர் ஒரு தொகுதிக்கு இரண்டு மடங்கு போட்டுவிட்டார். என்னிடம் சொல்லவில்லை; வெடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மே மாதம் மின்வெட்டு வந்தது. குளிர் அறையின் மோட்டார் பகல் முழுக்க நின்றது. சூடு ஏற ஏறக் கரைந்திருந்த வாயு வெளியே வரத் துடித்தது. ஒரு பகல் பதினொரு மணிக்கு முதல் பாட்டில் வெடித்தது. அது பக்கத்துப் பாட்டிலை உடைத்தது. அது அதன் பக்கத்தை. உள்ளே தேசம்மா இருந்தார். நாங்கள் இழுத்து வெளியே கொண்டுவந்தபோது புருவத்திலிருந்து ரத்தம் கண்ணில் வழிந்துகொண்டிருந்தது, முழங்கை கிழிந்திருந்தது. கண் தப்பியது. பதினொரு தையல். கம்பிவலை முகமூடி கம்பெனியில் இரண்டே இரண்டுதான் இருந்தது. ஒன்று மேனேஜருக்கு, ஒன்று முதலாளி சுற்றிப் பார்க்க வந்தால்.

பத்தாம் நாள் தேசம்மா கட்டோடு வந்தார், ஆனால் உள்ளே போகவில்லை. ஆறு பெண்களும் கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டுப் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். “நீ ஆபீஸ் ஸ்டாஃப், உனக்கு அங்க என்ன வேலை?” என்று மேனேஜர் ஜன்னலிலிருந்து கேட்டார். “சர்க்கரை எவ்வளவு போட்டீங்கன்னு எழுதிக் குடுங்க சார், வந்துடறேன்” என்றேன். ஜன்னல் மூடிக்கொண்டது. மூன்று நாள் யாரும் பாட்டிலைத் தொடவில்லை. உள்ளே அவ்வப்போது ஒன்று வெடிக்கும், நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். மூன்றாம் நாள் முதலாளி காரில் வந்து இறங்கினார். ஆள் மாற்றிவிடுவேன் என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எத்தனையோ பேர் வேலைக்கு நிற்கிறார்கள் என்றார். பிறகு தேசம்மாவின் முகத்தைப் பார்த்தார். மறுநாள் பக்கத்து வெல்டிங் ஷாப்பில் ஏழு முகமூடிக்கு ஆர்டர் போனது, தோல் கையுறையோடு. அவரை அந்த ஆர்டர் போடவைத்தது தேசம்மா உட்கார்ந்தபடியே சொன்ன ஒரு வார்த்தைதான்: “எனுக்குக் கண்ணு ரெண்டு, உனுக்கு பாட்டிலு நாலாயிரம், எது போனா மறுபடி வாங்கலாம்னு நீயே சொல்லு மொதலாளி.”

ரொட்டி வாசனை

மெட்ராஸில் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து ஒருவர் ருசி பார்க்க வந்தார். டை கட்டியிருந்தார். படிவை எடுக்க, பாட்டிலின் கழுத்தை உப்புப் போட்ட ஐஸில் நட்டுவைப்போம். கழுத்தில் படிவோடு உறைந்த கட்டி, மூடியைத் திறந்ததும் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். ஐஸ் பழவேற்காட்டு மீன் வண்டியில் வருவது. அன்று ஐஸ்கட்டியோடு ஒரு மீன் செதிலும் இருந்தது. தேசம்மா சமயத்தில் எடுத்துவிட்டார். ஹோட்டல்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, “இதில் ரொட்டி வாசனை வருகிறதே, கெட்டுப்போய்விட்டதா?” என்று கேட்டார். மேனேஜர் உடனே, “அடுத்த தடவை சரி பண்ணிடறோம் சார்” என்று குழைந்தார். நான் குறுக்கே புகுந்தேன். “கெட்டுப்போகல சார். ஈஸ்ட் செத்து, எட்டு மாசம் அந்த ஒயின்லயே ஊறி, தன்கிட்ட இருந்ததை எல்லாம் அதுக்குக் குடுத்திருக்கு. அந்த வாசனைக்குத்தான் நாங்க இத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தோம். வேண்டாம்னா சோடா கலந்து தரச் சொல்லுங்க, அதுக்கு எங்க முதலாளியோட பழைய கம்பெனி இருக்கு.” மேனேஜர் என் காலை மிதித்தார். வந்தவர் இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைக் காலி செய்துவிட்டுச் சொன்னார்: “உங்கள் ஒயினைவிட உங்களுக்குத்தான் காரம் அதிகம், இரண்டு பெட்டி அனுப்புங்கள்.”

கடைசிக் கூடை

பிறகு மதுவிலக்கு மறுபடி வந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. இருந்த சரக்கை அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. அதே இன்ஸ்பெக்டர் கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டிவந்தார். அழுத்தம் உள்ள பாட்டிலை அடித்து உடைத்தால் என்ன ஆகும் என்று நாங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தோம். “உங்க ஆளுங்க தொடக் கூடாது சார். நாங்களே திறந்து கொட்டறோம்” என்றேன். ஏழு பேரும் முகமூடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, பின்பக்கக் கால்வாயில் கொட்டினோம். மூன்று நாள் ஆனது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

கடைசியில் இன்ஸ்பெக்டர் என் அறைக்கு வந்தார். கண்ணாடிக் குழாய்களில் ஈஸ்ட் வளர்த்து வைத்திருந்தேன், பன்னிரண்டு குழாய். “இதையும் அழிக்கணும்” என்றார். நான் அலமாரி முன்னால் நின்றுகொண்டேன். “உத்தரவுல ஒயின்னுதான் சார் எழுதியிருக்கு. இது ஒயின் இல்ல. ரொட்டிக் கடையில போடறதுக்குச் சொந்தக்காரன். இதுல ஒரு சொட்டு சாராயம் இருந்தாக் காட்டுங்க, நானே உடைக்கிறேன்” என்றேன். அவர் உத்தரவை இரண்டு முறை படித்தார். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. நான் குழாய்களைப் பஞ்சில் சுற்றி, என் சாப்பாட்டுக் கூடையில் அடுக்கினேன். அடுத்த மாதம் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன், தேசம்மாவையும் சேர்த்துவிட்டேன் என்பது வேறு விஷயம். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “கூடையில இன்னா இருக்குதுன்னு நான் கேக்கல, சாப்பாடுன்னு நீங்களும் சொல்லல, கிளம்புங்க.”

மொத்தத்தில் அந்தத் தொழிற்சாலையில் சொன்ன பேச்சைக் கேட்காமல் உருப்படியாக வேலை செய்தவர்கள் இரண்டே வகை, ஈஸ்ட்டும் நாங்களும்; அதில் மெமோ வாங்கியது மட்டும் ஒரு வகைதான்.